காலடி மண்

வீட்டில் ஒரு சாவு விழுந்தால் துக்கம் எத்தனை நாள் என்று நம்மிடம் கணக்கு உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்தால்தான் நல்லது கெட்டதுக்குப் போவார்கள். முஸ்லிம் வீடுகளில் மூன்று நாள் துக்கம். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுகிறவர்களும் உண்டு. தெருவில் விழுந்த சாவுக்கு என்ன கணக்கு? இறந்தவர் அந்தத் தெருவில் பிறந்தவர் இல்லை, கடை வைத்தவர் இல்லை, யாருக்கும் முகம்கூடத் தெரியாது. ஊர் பார்க்க வந்த இடத்தில் நடைபாதையோடு மண்ணுக்குள் போய்விட்டார். அவருக்காக அந்தத் தெரு எத்தனை நாள் கடை சாத்த வேண்டும்? ஒலிபெருக்கியில் எப்போது மறுபடி பாட்டுப் போடலாம்? கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா தெருவில் அந்த நாட்களில் எல்லோரும் இந்தக் கேள்வியோடுதான் நடமாடினோம். வாய்விட்டுக் கேட்டவர்கள் குறைவு.

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணி கடந்திருந்தது. மலாயன் மேன்ஷன் கட்டடத்துக்கு வெளியே நடைபாதை திடீரென்று உள்வாங்கியது. ஆந்திராவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண் எட்டு மீட்டர் ஆழக் குழிக்குள் விழுந்தார். நம் பத்திரிகைகள் நில அமிழ்வு என்று எழுதின. குழிக்குக் கீழே ஓடிய நீர் அவரை இழுத்துப்போயிருக்க வேண்டும் என்ற முடிவில், தீயணைப்பு மீட்புப் படையும் ஸ்மார்ட் பேரிடர் மீட்புக் குழுவும் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரின் ஊழியர்களும் ஒன்பது நாள் தேடினார்கள். சாலையைத் தோண்டினார்கள், ஆள்துளைகளைத் திறந்து குழாய்க்குள் நீரைப் பீய்ச்சினார்கள், பந்தாய் டாலாம் சுத்திகரிப்பு நிலையம்வரை போய்த் தேடினார்கள். இடையில் 28-ஆம் தேதி, ஐம்பது மீட்டர் தள்ளி இன்னோர் இடமும் உள்வாங்கியது. செருப்பு மட்டும் கிடைத்தது. ஆகஸ்ட் 31, நாட்டின் சுதந்திர தினத்தன்று, தேடல் நிறுத்தப்பட்டதாக அறிவித்தார்கள். உடல் இல்லாமலேயே குடும்பம் ஊர் திரும்பியது.

எனக்கு அலுவலகம் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில். மஸ்ஜித் ஜாமேக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் வேலைக்குப் போக இரண்டு வழி. நான் எப்போதும் மஸ்ஜித் இந்தியா வழியாகத்தான் போவேன். காலையில் கடைக் கதவுகள் கடகடவென்று மேலே ஏறும் நேரம். பூக்கடையில் தண்ணீர் தெளித்த மல்லிகை, பக்கத்திலேயே அத்தர், அதற்கடுத்து நாசி கண்டார் கடையில் குழம்பு கொதிக்கிற வாசனை. புடவைக் கடை, நகைக்கடை, பாத்திரக் கடை, தொப்பியும் தொழுகை விரிப்பும் விற்கிற கடை, ஜாமு மருந்துக் கடை. 1863-ல் மரத்தால் எழும்பி, 1960-களில் இப்போதைய கட்டடத்தைப் பெற்ற பள்ளிவாசல்தான் தெருவுக்குப் பெயர் கொடுத்தது. அங்கே தமிழில் பயான் கேட்கலாம். கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிறவர்களும், கிளந்தானிலிருந்து பெருநாளுக்கு வருகிறவர்களும் இதே நடைபாதையில்தான் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடப்பார்கள். அந்த நடைபாதைதான் உள்ளே போனது.

பூக்கடை அக்கா ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். சாலையை அடைத்திருந்த அந்த வாரத்தில் ஒரு நாள் மாலை, விற்காத சரங்களை ஒரு பிளாஸ்டிக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வாழை நாரில் கட்டிய மல்லிகை, நுனி பழுத்துப் பழுப்பேறியிருந்தது. "யாவாரம் எப்படிக்கா?" என்று கேட்டிருக்கக்கூடாது, ஆனால் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அவர் கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "யாவாரத்தப் பேச இப்ப மனசு வரல தம்பி. ஆனா பேசாம இருக்கவும் முடியல. வாடகை நிக்குமா? பூதான் நிக்குமா? அந்தப் பொண்ண நெனச்சா ராத்திரி தூக்கம் வரல. காலையில எழுந்தா கடன்காரன் ஞாபகம் வருது. ரெண்டும் ஒரே மனசுதானே."

வியாபாரம் பாதிக்கும் கீழே போய்விட்டது என்று வியாபாரிகள் சொன்னபோது, இணையத்தில் சிலர் அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று திட்டினார்கள். ஓர் உயிர் மண்ணுக்குள் கிடக்கிறது, இவர்களுக்கு லாபக் கணக்கு என்றார்கள். திட்டியவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் என்பது என் ஊகம். தீபாவளி அந்த வருடம் அக்டோபர் 31. அதற்கு முந்தைய இரண்டு மாதம்தான் அந்தத் தெருவில் பலருக்கு வருடம் முழுமைக்குமான வருமானம். அக்கா சொன்னதுதான் நியாயம்: ஒரே மனசுக்குள் இரண்டும் இருக்கும். கடை திறப்பது மறப்பதாகாது. சரி, அப்படியானால் மறக்காமல் இருப்பது எப்படி? கடையையும் திறந்துவிட்டோம், பாட்டும் போட்டுவிட்டோம், துக்கத்தை எதில் வைப்பது?

இதற்கு எனக்கு ஒரே ஒரு பதில்தான் தெரிகிறது. அந்தப் பெண்ணை விழுங்கிய மண்ணை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களைக் கேள்வி கேட்க நமக்கு என்ன வழி இருக்கிறது என்று விசாரிப்பதுதான் நாம் செய்யக்கூடிய காரியம்.

கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பத்துமலையில் வானைத் தொட நிற்கிறதே, அதே வகைப் பாறை நகரத்துக்கு அடியிலும் கிடக்கிறது. மழைநீர் நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்தப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகைகளும் பொந்துகளும் ஆக்கியிருக்கிறது. பத்துமலையில் அந்தக் குகைக்குள் படியேறிப் போய்க் கும்பிடுகிறோம். நகரத்தில் அதன் மேல் மண், மண்ணின் மேல் ஈயச் சுரங்கம் தோண்டிப் போட்ட மணல், அதன் மேல் தார். இந்த நகரமே 1857-ல் ஈயம் தேடி வந்தவர்களால் பிறந்தது. தோண்டியும் கொட்டியும் நிரவியும்தான் வளர்ந்தது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேருமிடம் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடந்துபோகிற தூரம். ஆற்றோரத் தெருவுக்கு அடியில் நிலத்தடி நீர் எப்போதும் ஏறும், இறங்கும்.

பழைய குழாய் ஒன்று எங்கேயோ கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். கசியும் நீர் பக்கத்து மண்ணைக் கரைத்துக் குழாய்க்குள்ளோ பாறைப் பொந்துக்குள்ளோ இழுத்துக்கொண்டு போகும். அரிசி மூட்டையின் அடியில் எலி ஓட்டை போட்டால் மேலே ஒன்றும் தெரியாமல் கீழே அரிசி கொட்டிக்கொண்டிருக்குமே, அப்படி. தார்ச்சாலையும் சிமெண்டுக் கல்லும் உறுதியானவை என்பதாலேயே மேற்பரப்பு கடைசிவரை சமமாகக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் தாங்காது. அந்த நேரத்தில் அங்கே யார் நின்றாலும் போக வேண்டியதுதான். விசாரணைக்குப் பிறகு அரசாங்கம் சொன்னதும் இதை ஒட்டித்தான்: முதன்மைக் காரணம் பல காலமாக மனிதர்கள் செய்துவந்தவை. விதியென்று சொல்லி ஆறுதல் பட்டுக்கொள்ள அந்த அறிக்கை இடம் வைக்கவில்லை.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களைக் கட்டும்போது, முதலில் குறித்த இடத்தின் பாதிக்கு அடியில் சிதைந்த சுண்ணாம்புப் பாறை இருப்பதை ஆய்வில் கண்டுபிடித்தார்கள். கட்டடத்தின் இடத்தையே சுமார் அறுபது மீட்டர் தள்ளி மாற்றினார்கள். அடித்தளத் தூண்களில் சிலவற்றின் ஆழம் நூறு மீட்டருக்கும் மேல். ஆக, நம் பொறியாளர்களுக்கு இந்த மண்ணின் குணம் தெரியும். உலகம் பார்க்கும் கோபுரத்துக்கு அடியில் மண்ணைச் சோதித்துத் தள்ளிக் கட்டத் தெரிந்த ஊரில், பூக்கடைக்கு முன்னால் இருக்கும் நடைபாதைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்த ஒன்பது நாளில் என் மனத்தில் பதிந்துபோன படம் ஒன்று உண்டு. தீயணைப்புப் படையின் நீர்மூழ்கி வீரர்கள் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கினார்கள். உள்ளே இருட்டு, நாற்றம், நகர இடமில்லாத இடுக்கு. மேலே மனைவி மக்களோடு நாம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். குழாயை அடைத்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? மனிதக் கழிவு, மயிர், குப்பை, அவற்றோடு இறுகிப்போன சமையல் எண்ணெய். காங்கிரீட் போல் கெட்டியாகிவிட்டது என்றார்கள். அந்த எண்ணெய் வானத்திலிருந்து விழவில்லை. ரொட்டி சனாய் போட்ட எண்ணெய், வடை சுட்ட எண்ணெய், கோழி பொரித்த எண்ணெய். நாம் சாப்பிட்டோம்; மிச்சத்தை யாரோ கழுவித் தொட்டியில் ஊற்றினார்கள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பின் சந்தில் லோங்காங் என்கிற சாக்கடை ஓரமாகப் பெரிய அலுமினியச் சட்டிகள் அடுக்கியிருக்கும். ஒரு நாள் மாலை, வங்காளதேசத்துப் பையன் ஒருவன் குந்தி உட்கார்ந்து சட்டி கழுவிக்கொண்டிருந்தான். எண்ணெய்ப் படலம் மஞ்சளும் சிவப்புமாய்ச் சோப்பு நுரையோடு கலந்து, சிமெண்டுத் தரையில் நாக்கு நீட்டி, இரும்புக் கம்பி மூடியின் இடுக்கில் இறங்கியது. மூடியின் கம்பிகளில் வெள்ளையாக மெழுகு போல் ஏதோ படிந்திருந்தது. பையன் அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டி உள்ளேயே தள்ளினான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எண்ணெயைத் தடுத்துப் பிடிக்கும் தொட்டி கடைக்குள் இருக்க வேண்டும். அதை ஒழுங்காக அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். அது முதலாளியின் பொறுப்பு, அதைச் சோதிப்பது மாநகர் மன்றத்தின் பொறுப்பு. வீடுகளில் நம் பொறுப்பு. பழைய எண்ணெயைப் போத்தலில் சேர்த்து வைத்தால் விலை கொடுத்து வாங்கிப்போகிறவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கிறார்கள்.

சாக்கடை என்றதும் எனக்கு என் தாத்தா நினைவு வருகிறார். கோலாலம்பூரில் 1890-ல் சானிட்டரி போர்டு வந்தது. அதன்பிறகு இந்த ஊரில் சாக்கடை வெட்டியதும் கூட்டியதும் அள்ளியதும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களும் தெலுங்கர்களும்தான். தாத்தா கடைசிவரை அந்த வேலையில்தான் இருந்தார். மூங்கில் கம்பு நீளத்துக்கு ஒரு பிடி, நுனியில் தகரச் சட்டி. அதுதான் அவர் கருவி. வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நின்று கார்பாலிக் சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். எந்தச் சந்தில் எந்தக் கால்வாய் எங்கே திரும்பும், எந்த மழைக்கு எது முதலில் பொங்கும் என்று அவருக்கு மனப்பாடம். சொல்லிக்கொண்டே நடப்பார். சிறுவயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய், பெருமையாக இருந்தது. ஊருக்கு அடியில் இருக்கும் ஊரை அறிந்தவர் என் தாத்தா.

அந்த அறிவு இப்போது யாரிடம் இருக்கிறது? ரயில் தண்டவாளம் போட்ட கைகள், சாலை போட்ட கைகள் பற்றி நம் எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சாக்கடை வெட்டிய கைகளைப் பற்றிக் குறைவு. நம் பிள்ளைகள் அந்த வேலையிலிருந்து வெளியேறியது நல்லது, சந்தோஷம்தான். ஆனால் வேலையோடு சேர்ந்து அக்கறையும் வெளியேறிவிட்டது. இன்று கால்வாயில் இறங்குகிறவர்கள் நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் குத்தகைக்காரர் மூலமாக வருகிறவர்கள். ஒப்பந்தம் முடிந்தால் வேறு ஊர். எந்தச் சந்தில் எது திரும்பும் என்று தெரிந்துகொள்ளும் முன்பே கிளம்பிவிடுவார்கள்.

2025-ஆம் ஆண்டு மார்ச்சில் இதே வட்டாரம் மறுபடி நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது. மஸ்ஜித் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்துக்கு வயது 130-க்கு மேல். அது நின்ற நிலத்தை மாநகர் மன்றம் 2014-ல் ஜேக்கல் துணி நிறுவனத்துக்கு விற்றிருந்தது. அந்த நிறுவனம் அங்கே பள்ளிவாசல் கட்ட விரும்பியது. அந்த வாரங்களில் நாட்டில் அனைவரும் பேசினார்கள். ஆலயம் முதலா, பட்டா முதலா? சட்டப்படி சரியா, நியாயப்படி சரியா? மார்ச் 25-ல், ஏறக்குறைய ஐம்பது மீட்டர் தள்ளி 4,000 சதுர அடி நிலத்தில் ஆலயம் இடம் மாறுவது என்று உடன்பாடு ஆனது. இரண்டு நாள் கழித்துப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டினார்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பேசித் தீர்த்தது நல்லது. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் விளக்கெரிந்த இடத்துக்குப் பட்டா இல்லாமல் விட்டதும், நிலத்தை விற்கும்போது அங்கே கும்பிடுகிறவர்களின் நிலையை முதலில் தீர்த்துவைக்காததும் தவறு. பழைய ஆலயங்கள் பலவற்றின் நிலை இந்நாட்டில் இன்றும் அதுதான். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அந்த விவாதம் முழுவதையும் தொடர்ந்து படித்தபோது ஒன்று மனத்தை உறுத்தியது. மண்ணின் மேல் யாருக்கு உரிமை என்று இரு தரப்பிலும் தொண்டை கிழியப் பேசினோம். அதே மண், ஏழு மாதத்துக்கு முன், கூப்பிடு தூரத்தில், ஓர் உயிரை விழுங்கியிருந்தது. அதைப் பற்றி அந்த விவாதத்தில் ஒருவரும் பேசவில்லை. புதிதாக எழும் பள்ளிவாசலும் புது இடத்துக்குப் போகும் ஆலயமும் நிற்கப்போவது ஒரே பாறையின் மேல்தான். தொழப் போகிற காலும் கும்பிடப் போகிற காலும் ஒரே மண்ணைத்தான் மிதிக்கும்.

மேலே இருப்பதற்குச் சண்டை போட ஆள் உண்டு. அதற்குப் பட்டா உண்டு, விலை உண்டு, கொடி உண்டு. கீழே இருப்பது எல்லோருக்கும் பொது. அதனாலேயே அதைக் கேட்க நாதியில்லை.

அந்த ஆலய உடன்பாட்டுக்கு ஒரு வாரத்தில், ஏப்ரல் 1-ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில், சுபாங் ஜெயாவை ஒட்டிய புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. செந்தூலில் என் வீட்டில் பெருநாள் பலகாரம் கொண்டுவந்த அண்டைவீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். கைப்பேசியில் அந்த நெருப்புத் தூணைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயம் பட்டார்கள். பல வீடுகள் கரிக்கட்டையாயின. அங்கிருந்த பள்ளிவாசல் கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே எடுத்தது. விசாரணை முடிவில் சொன்னது என்ன? குழாயைத் தாங்கியிருந்த மண் ஈரத்தில் தளர்ந்து பிடி விட்டது, குழாய் தொய்ந்து முறிந்தது. மறுபடியும் மண்தான். இன்னும் பின்னால் போனால் 1993 டிசம்பர் 11, உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ். 48 பேர் இறந்தார்கள். அங்கேயும் மலைச்சரிவில் நீர் வடியாமல் போனதும், பராமரிப்பில்லாத வடிகால்களும் மண்ணைத் தளர்த்தியதுதான் கதை. ஒவ்வொரு தடவையும் அதிர்ச்சி அடைகிறோம், புதிதாக நடந்ததுபோல.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலத்தடி வேலைகளே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2007-ல் திறந்த ஸ்மார்ட் சுரங்கப்பாதை வெள்ளநீரையும் வாகனங்களையும் சுமக்கிறது, அதன் 9.7 கிலோமீட்டரைச் சுண்ணாம்புப் பாறைக்குள் குடைவது லேசான காரியம் இல்லை. பந்தாயில் நிலத்துக்கு அடியிலேயே மாபெரும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, மேலே பூங்காவும் விளையாட்டுத் திடலும் அமைத்திருக்கிறார்கள். பெரிய வேலைக்குப் பணமும் அறிவும் இருக்கிறது, திறப்பு விழாவும் இருக்கிறது. ஒரு பழைய குழாயின் இணைப்பை மாற்றுகிற வேலைக்கு யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்கள். அந்த வேலைதான் தள்ளிப்போகிறது.

சரி, யாரைக் கேட்பது? கோலாலம்பூர்வாசிக்கு இங்கே ஒரு விசேஷச் சங்கடம் உண்டு. இந்த ஊரில் 1952-ல் நகராட்சித் தேர்தல் நடந்தது. மக்கள் தங்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1960-ல் வந்த தலைநகரச் சட்டம் அதை நிறுத்திவிட்டது. 1965-ல் நாடு முழுக்க ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன, இன்றுவரை திரும்பவில்லை. கோலாலம்பூருக்கு மேயர் உண்டு, அவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம்தான். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஓட்டுப் போடுகிறோம், ஆனால் என் வீட்டு முன்னால் இருக்கும் கால்வாய்க்கு நேரடியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரை நீக்கவோ வைக்கவோ என் கையில் ஒன்றும் இல்லை. மேயர் தேர்தல் வேண்டும் என்ற பேச்சு அண்மையில் மறுபடி எழுந்தபோது, அது எந்த இனத்துக்குச் சாதகம் என்றே விவாதம் போனது. என் விருப்பம் வெளிப்படையானது: தேர்தல் வேண்டும். கால்வாய் அடைப்பதற்கு இனம் கிடையாது. பதில் சொல்ல வேண்டியவரை மக்கள் தேர்ந்தெடுக்கட்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நிலத்தடியில் போகும் குழாய்கள், கம்பிகள் பற்றிய தேசியத் தரவுத்தளம் நில அளவைத் துறையிடம் இருக்கிறது. கனிமவள, புவியியல் துறையிடம் சுண்ணாம்புப் பாறை எங்கெங்கே என்ற வரைபடம் இருக்கிறது. இண்டா வாட்டரிடம் தன் குழாய்களின் கணக்கு இருக்கிறது. மூன்றையும் சேர்த்து, எந்தத் தெருவின் குழாய் எத்தனை வயது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று சாதாரண மக்கள் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி வெளியிட வேண்டும். பாதுகாப்புக் காரணம் என்பார்கள். எரிவாயுக் குழாய்க்கு அது பொருந்தலாம். என் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் என்ன ரகசியம்? கடை வாடகைக்கு எடுக்கிறவரும் வீடு வாங்குகிறவரும் பூக்கடை போடுகிறவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

மஸ்ஜித் இந்தியாவின் இந்திய முஸ்லிம் வியாபாரிகள், இந்து வியாபாரிகள், மலாய்க்கார வியாபாரிகள் எல்லோருக்கும் சங்கங்கள் இருக்கின்றன. பஜாருக்கு இடம் ஒதுக்குவது, கூடார வாடகை, வாகன நிறுத்துமிடம் என்று மாநகர் மன்றத்தோடு அவர்கள் வருடந்தோறும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் குழாய்ச் சோதனையையும் ஒரு கோரிக்கையாக வைக்கச் சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த புடவைக்கடை பாயிடம் கேட்டேன். முதலில் யோசித்தார். "கூடாரம்னா கண்ணுக்குத் தெரியுது, கேட்டா தர்றான். குழாய்னா என்னன்னு கேக்குறது?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "எழுதிக் கொடுங்க, வாசிக்கிறேன்." எழுதிக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் தெருவிலும் இதைச் செய்யலாம். நடைபாதைக் கல் ஆடுகிறதா, தார்ச்சாலை ஓரிடத்தில் வட்டமாகத் தாழ்கிறதா, மழையில்லாத நாளில் சேற்றுத் தண்ணீர் ஊறுகிறதா, விளக்குக் கம்பம் காரணமில்லாமல் சாய்கிறதா, சுவரில் புது விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். மண் உள்ளே போகிறது என்பதற்கு இவைதான் முதல் அடையாளங்கள். படம் எடுங்கள். இடத்தையும் தேதியையும் குறித்து மாநகர் மன்றத்துக்கு எழுதுங்கள், ஒரு நகலை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள். அக்கம்பக்கத்தாரையும் எழுதச் சொல்லுங்கள்.